பள்ளிச் சிறுவர்களின் நாளும் இடைவேளையும்

பள்ளிக்கூடம் எத்தனை மணிக்குத் தொடங்குவது, எத்தனை மணிக்கு விடுவது, நடுவில் எவ்வளவு நேரம் ஓய்வு தருவது என்பவையெல்லாம் தலைமை ஆசிரியரும் கல்வி இலாகாவினரும் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள் என்றே நம்மில் பலர் எண்ணிவருகிறோம். பஞ்சாயத்து அங்கத்தினருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. கட்டடத்துக்கு இடம் கொடுப்பது, சுற்றுச் சுவர் எழுப்புவது, கொடியேற்று விழாவுக்குச் சென்று வருவது ஆகியவற்றோடு நமது பொறுப்பு தீர்ந்துவிட்டதாக ஒரு நினைப்பு. ஆனால் குழந்தையின் நாள் பள்ளி மணியோடு தொடங்கிப் பள்ளி மணியோடு முடிந்துவிடுவதில்லை. அது எப்பொழுது எழுந்திருக்கிறது, வயிற்றில் என்ன இருக்கிறது, மாலையில் வீடு திரும்பியதும் அதற்கு என்ன வேலை காத்திருக்கிறது என்பவற்றைப் பெற்றோரின் தொழிலும் ஊரின் வசதிகளுமே நிர்ணயிக்கின்றன. பள்ளியின் நடுவே விடப்படும் பத்து நிமிட இடைவேளை பயன் தருமா, வீணாகுமா என்பதும் குழாயையும் கழிப்பிடத்தையும் பொறுத்தது. இவை பஞ்சாயத்தின் கையில் இருப்பவை.

காஞ்சிபுரத்தையும் அதனைச் சுற்றியுள்ள நெசவுக் கிராமங்களையும் உதாரணமாக வைத்து இதனை விளக்க முற்படுகிறோம். தறி இல்லாத ஊர்களில் நாற்று நடவு, கடலை பறிப்பு, ஆடு மாடு மேய்ப்பு என்று வேறு உருவங்களில் இதே விஷயம் இருக்கிறது. விவசாயிகளும் தமது ஊரை நினைத்துக்கொண்டே படிக்கலாம்.

கடிகையின் ஊர்

பல்லவர் காலத்தில் காஞ்சியில் கடிகை என்னும் உயர்ந்த கல்விச்சாலை இருந்தது. கடம்ப வம்சத்தைத் தோற்றுவித்த மயூரசர்மன் அங்கே கல்வி பயில வந்த செய்தியைக் கன்னட நாட்டுத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது. கடிகை என்ற சொல்லுக்கு நாழிகை என்றும் ஒரு பொருள் உண்டு. கல்விக்கும் காலத்துக்கும் ஒரே பெயர் வாய்த்த ஊர் இது.

காஞ்சிக்குச் சிறிது தொலைவில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட நீண்ட சாசனத்தைப் பலர் அறிந்திருக்கலாம். பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, அங்கே நடந்ததை அதனின்றே நாம் அறிகிறோம். கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் இருந்தன. மாணவருக்கு அன்றாட உணவுக்கு மட்டுமின்றிச் சனிக்கிழமை தோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய்க்கும் அந்தச் சாசனம் நிவந்தம் ஏற்படுத்தியிருக்கிறது. படிக்கும் பிள்ளைக்குப் பாடம் மாத்திரம் போதாது, சோறும் எண்ணெயும் ஓய்வு நாளும் வேண்டும் என்று கணக்கிட்டு அதைக் கல்லிலும் வெட்டி வைத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

பிற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கடிகாரம் கிடையாது, சூரியனே மணி. விடிவதற்கு முன்னரே பிள்ளைகள் வந்துவிடுவார்கள். சிறிது நேரம் படித்தபின் வீட்டுக்குச் சென்று பழையது உண்டு திரும்புவார்கள். நடுப்பகலில் மறுபடியும் சாப்பாட்டுக்குச் செல்வார்கள். பிறகு பொழுது சாயும்வரை எழுத்தும் எண்சுவடியும் நடைபெறும். அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி ஆகியவை விடுமுறை. அந்த முறையில் அடியும் உதையும் மிகுதியாக இருந்தன. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கே இடமும் இருக்கவில்லை. ஆதலால் அதனைப் பொற்காலம் என்று நாம் புகழ வரவில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம்: அந்த நேர ஒழுங்கு வீட்டின் சாப்பாட்டு வேளையைப் பார்த்து அமைக்கப்பட்டது. காலை பத்து மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடியும் வழக்கம் ஆங்கிலேய ஆட்சியின் கச்சேரி நேரத்தைப் பார்த்து வந்தது. வீட்டு நேரமும் பள்ளி நேரமும் அதனால் வெவ்வேறாகப் பிரிந்தன. அந்தப் பிரிவினால் அதிகம் இடர்ப்பட்டவை தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

தறிக்கு இடைவேளை இல்லை

காஞ்சிப் பட்டுச் சேலையின் சிறப்பு அதன் கோர்வையில் இருக்கிறது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனியே நெய்து தைப்பதில்லை. நெய்யும்போதே ஊடையோடு ஊடை கோத்து இணைத்துவிடுகிறார்கள். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருக்கும் நெசவாளர் உடல் நாடாவையும் தம் பக்கத்துக் கரை நாடாவையும் பார்த்துக்கொள்வார். மறு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை தேவை. ஒவ்வோர் இழைக்கும் அந்தக் கை வந்தாக வேண்டும். அது நின்றால் தறி நிற்கும்.

நெடுங்காலம் அந்த இன்னொரு கை சிறுவனுடையதாகவோ சிறுமியுடையதாகவோ இருந்தது. வேலை கனமானதன்று, ஆனால் விடாமல் செய்ய வேண்டியது. ஏர் உழும் இடத்தில் ஒரு பையன் சிறிது நேரம் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டால் ஏர் நின்றுவிடாது. கரை நாடாவின் அருகில் உள்ள பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பெரியவரின் கூலி அந்த நேரத்துக்கு நின்றுவிடுகிறது. ஒரு சேலை முடியப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். கூலி சேலைக்குத்தான், நாளுக்கன்று. எனவே அந்தப் பிள்ளையின் ஓய்வு ஒவ்வொன்றும் வீட்டு வருமானத்தில் பிடித்தமாகவே தோன்றிற்று. பள்ளிக்கூடம் என்பது நாள் முழுவதும் நீடிக்கும் ஓய்வாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இதனோடு முன்பணமும் சேர்ந்தது. தறி முதலாளியிடம் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ பெற்றோர் வாங்கிய தொகைக்கு ஈடாகப் பிள்ளை தறியில் அமரும். கூலியில் கழித்தும் அசல் குறையாது. 1976-ஆம் ஆண்டில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் பிறந்தது. 1986-ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனாலும் காஞ்சிபுரத்துத் தறிகளில் பிள்ளைகள் வேலை செய்யும் செய்தி 2000-ஆம் ஆண்டுக்குப் பின்னரும் வெளிநாட்டு அறிக்கைகளில்கூட இடம்பெற்றது. அதன் பின்னர் நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. இன்று அந்த மறு பக்கத்து நாடாவைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே தள்ளுகிறார்கள். தறிகளும் குறைந்துவிட்டன. ஆயினும் பள்ளி விட்டு வந்த பிள்ளை தார் சுற்றுவதும், அம்மா அடுப்படிக்குச் செல்லும்போது நாடாவுக்கு அமர்வதும் முற்றிலும் மறைந்துவிட்டன என்று சொல்வது உண்மையாகாது.

அரை நாள் என்னும் யோசனை

பிள்ளைக்குக் கல்வியும் வேண்டும், தொழிலுக்குக் கையும் வேண்டும் என்றால் நாளை இரண்டாகப் பகிர்ந்தால் என்ன? இந்தக் கேள்வி நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. இதற்குச் சொல்லப்பட்ட பதிலை இரண்டு இடங்களில் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள்.

முதலாவது, இங்கிலாந்தின் நெசவாலைகள். 1844-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி அங்கே எட்டு வயது முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆறரை மணி நேரம் ஆலையிலும் மூன்று மணி நேரம் பள்ளியிலும் இருக்கலாம் என்றாயிற்று. அதற்கு முன்பு நாள் முழுவதும் ஆலையில் கிடந்த பிள்ளைக்கு இது முன்னேற்றமே. ஆனால் விடியலில் ஆலைக்குப் போய்ப் பிற்பகலில் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் மேசைமீது தலை சாய்த்து உறங்குவதை ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டார்கள். லங்காஷயர் பகுதியின் பெற்றோர்களே கூலியை இழக்க மனமின்றி இந்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தனர். 1918-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் இதனை ஒழித்தது. அது அமலுக்கு வர 1921 ஆயிற்று. ஏறத்தாழ எழுபத்தேழு ஆண்டுகள்!

இரண்டாவது, நம்முடைய சென்னை ராஜ்யம். 1953-ஆம் ஆண்டில் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் ஒரு மாறுதல் கொண்டுவரப்பட்டது. அதுவரை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் நடந்த பள்ளி, மூன்று மணி நேரம் கொண்ட இரண்டு வேளைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு தொகுதிப் பிள்ளைகள் காலையில் வருவர். மறு தொகுதியினர் பிற்பகலில் வருவர். மீதி நேரத்தில் தந்தையின் தொழிலையோ ஊரிலுள்ள கைத்தொழிலையோ பார்த்துப் பழகுவர். அன்று பிள்ளைகளில் பெரும் பகுதியினர் பள்ளிக்கு வெளியே இருந்தனர். புதுக் கட்டடம் கட்டவும் ஆசிரியரை நியமிக்கவும் பணம் போதவில்லை. உள்ள கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். அந்த நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் தந்தையின் தொழில் என்பது நம் சமூகத்தில் சாதியின் தொழிலாகவும் இருந்தது. நெசவாளி மகன் நெசவாளியாகவும், சலவைத் தொழிலாளி மகன் சலவைத் தொழிலாளியாகவுமே இருக்கும்படி சர்க்காரே நேரம் ஒதுக்கித் தருவதா என்று கேட்டு எதிர்ப்பு மூண்டது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்ற பெயர் எதிர்த்தவர்கள் இட்டது, அதுவே நிலைத்துவிட்டது. பெரியாரும் அண்ணாதுரையும் போராட்டங்கள் நடத்தினர். அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர்; தறி வீட்டில் அரை நாள் என்பது எப்படிக் கழியும் என்பது அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1954-ஆம் ஆண்டு ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது.

காஞ்சி நகராட்சி எல்லைக்குள் அத்திட்டம் இல்லை. அது கிராமங்களுக்கு ஏற்பட்டது. ஆனால் வாலாஜாபாத்தை அடுத்த ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற நெசவு ஊர்களைக் கொண்டு அதனை எண்ணிப் பார்க்கலாம். சாதி நியாயம் ஒருபுறம் இருக்க, நேரக் கணக்கிலேயே ஒரு பிழை இருந்ததாக நமக்குப் படுகிறது. பள்ளிக்குப் பின் மிஞ்சும் நேரம் பிள்ளை தொழிலைக் கற்கும் நேரமாகும் என்று திட்டம் போட்டவர்கள் கருதினார்கள். தறியிலோ கற்பதற்கும் உழைப்பதற்கும் இடையில் கோடு கிடையாது. கரை நாடா தள்ளும் பிள்ளைக்குப் பூ வேலையோ பாவு பிணைக்கவோ யாரும் சொல்லித் தருவதில்லை; அது நாடாவையே நாள்தோறும் தள்ளிக்கொண்டிருக்கும். மூன்று மணி நேரப் பள்ளிக்கு முன்போ பின்போ ஏழெட்டு மணி நேரத் தறி வேலை வந்து ஒட்டிக்கொள்ளும். ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் அந்த நாளில் இடமே இராது.

மணியும் சோறும்

கைவிடப்பட்ட திட்டத்துக்கு மாறாக வந்தது முழு நாள் பள்ளி. ஆனால் முழு நாள் பள்ளி என்றால் நடுப்பகல் சாப்பாடு எங்கே என்ற கேள்வி உடனே எழுகிறது. வீட்டில் உலை ஏறாத நாளில் சாப்பாட்டு மணி அடித்து என்ன பயன்? சென்னை நகராட்சித் தலைவராக இருந்த தியாகராய செட்டியார் காலத்தில், 1920-ஆம் ஆண்டிலேயே, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் மதிய உணவு தந்து பார்த்தார்கள். காமராஜர் ஆட்சியில் 1956-ஆம் ஆண்டில் அது ராஜ்யம் முழுவதற்குமான திட்டமாயிற்று. ஊர் மக்களின் நன்கொடையும் அரிசி பருப்பும் அதில் கணிசமான பங்கு வகித்தன. அப்பொழுது பொதுக் கல்வி இயக்குநராக இருந்து ஊர் ஊராகச் சென்று இதற்கு ஆதரவு திரட்டிய நெ. து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்துக்காரர் என்பதை இப்பகுதிப் பஞ்சாயத்தார் பெருமையோடு நினைவுகொள்ளலாம். 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி எம். ஜி. ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி அதனை விரிவாக்கினார்.

நடுப்பகல் சரியாயிற்று, காலை? தறி வீட்டில் பெண்கள் விடியுமுன் எழுகிறார்கள். பாவை நீட்டி முடிச்சு நீக்கிப் பதப்படுத்துவது வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டிய வேலை. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் காலை நேரத்தில் நடந்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். கழனி வேலைக்குச் செல்லும் பெண்களின் காலையும் இப்படித்தான். பிள்ளை பெரும்பாலும் வெறும் வயிற்றோடோ, ஒரு குவளைத் தேநீரோடோ பள்ளிக்குப் போகும். பதினொரு மணிக்குள் அதற்குத் தலை சுற்றும். ஆசிரியர் அதனை மந்தம் என்பார்.

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இந்த இடைவெளியை அடைக்கிறது. முதற்கட்டமாக 1,545 அரசு தொடக்கப் பள்ளிகளில் நடந்தது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று பள்ளி மணி அடிக்கும் முன்னரே பிள்ளைக்குச் சூடாகக் கிடைக்கிறது. இதனால் பள்ளி நேரத்தில் மாறுதல் ஏதும் அறிவிக்கப்படாமலே பிள்ளையின் நாள் மாறிவிட்டது. அது முன்னதாக எழுகிறது, முன்னதாக வருகிறது. அந்த வேளையில் வாயிற்கதவு திறந்திருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, சமைக்கும் மகளிருக்கு விறகோ எரிவாயுவோ முட்டில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது ஊராரின் வேலை.

எத்தனை மணி நேரம் பாடம்?

இடைவேளையை நீட்டினால் பாடம் முடியாது என்று சிலர் அஞ்சுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டொன்றுக்கு 200 வேலை நாட்களும் 800 மணி நேரப் போதனையும் வேண்டும் என்கிறது. அதாவது நாளுக்கு 4 மணி. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை 220 நாட்களும் 1,000 மணியும். நாளுக்கு நாலரை மணிக்குச் சற்று மேல். காலை 9.30 மணிக்குத் தொடங்கி மாலை 4.10 மணிக்கு முடியும் பள்ளியில் 6 மணி 40 நிமிடம் இருக்கின்றன. சாப்பாட்டுக்கு முக்கால் மணி, காலையிலும் மாலையிலும் கால் கால் மணி இடைவேளை என்று விட்டாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் மிஞ்சுகிறது. எனவே பாடம் முடியவில்லையென்றால் காரணத்தை இடைவேளையில் தேட வேண்டியதில்லை. ஆசிரியர் வராத நாட்களிலும், பிள்ளை வராத நாட்களிலும் தேட வேண்டும்.

பின்லாந்து தேசத்துத் தொடக்கப் பள்ளிகளில் 45 நிமிடப் பாடத்துக்குப் பின் 15 நிமிடம் பிள்ளைகளை வெளியே அனுப்புவது நெடுநாளைய வழக்கம். உறைபனியிலும் அனுப்புகிறார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. இங்கோ விளையாட்டு வகுப்பு என்று கால அட்டவணையில் எழுதியிருக்கும். பரீட்சை நெருங்கியதும் கணக்கு ஆசிரியர் அதைக் கடன் வாங்கிவிடுவார். அந்தக் கடன் திரும்பி வந்ததாகக் கேள்வியில்லை.

தண்ணீரும் கழிப்பிடமும்

இப்பொழுது நாம் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறோம். ஒரு நடுநிலைப் பள்ளியில் 120 மாணவிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு நான்கு கழிப்பறைகள். ஒருத்திக்கு இரண்டு நிமிடம் ஆகும். எல்லோரும் சென்று வர ஒரு மணி நேரம் வேண்டும். இடைவேளையோ பத்து நிமிடம். அதற்குள் இருபது பேர் சென்று வரலாம். மற்ற நூறு பேர்? அவர்கள் காலை முதலே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் இதைச் சொல்வதில்லை. மாலையில் தலைவலி, சிறுநீர்க் கடுப்பு, படிப்பில் மனம் செல்லாமை. வயது வந்த பெண்ணானால் மாதத்தில் சில நாட்கள் பள்ளிக்கே வராமை. அப்புறம் ஒரு நாள் நின்றுவிடுகிறாள். அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஊர் சொல்லும்.

கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை என்றால் மேற்படி நான்கும் இரண்டாகக் குறைந்துவிடும். இடைவேளையின் நீளத்தை நிர்ணயிப்பது கால அட்டவணை அன்று. கழிப்பறையின் எண்ணிக்கையும் அதன் நிலையுமே. புதியன கட்டப் பணம் வரும்வரை ஒரு வழி இருக்கிறது: எல்லா வகுப்புகளுக்கும் ஒரே வேளையில் மணி அடிப்பதை விட்டு, இரண்டிரண்டு வகுப்புகளாகப் பிரித்துக் கால் மணி இடைவெளியில் விடலாம். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

கை கழுவுவதும் இப்படியே. 150 பிள்ளைகள், ஐந்து குழாய்கள், ஒருவருக்கு அரை நிமிடம் என்றால் சாப்பிடுவதற்கு முன் மட்டும் 15 நிமிடம் போய்விடுகிறது. இன்னும் ஐந்து குழாய்கள் இருந்தால் பாதி நேரம் மீதி. அது விளையாட்டுக்குக் கிடைக்கும். ஒரு நீண்ட குழாயில் பத்துத் துளையிட்டுத் திருகு வைப்பது பஞ்சாயத்துக்குப் பெரிய காரியமா?

கோடை இப்பொழுது முன்போல் சித்திரையோடு நிற்பதில்லை. வெயிலின் கொடுமையால் 2023-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் நாளைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. 2019-ஆம் ஆண்டில் கேரளத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டவென்றே தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். 2025-ஆம் ஆண்டில் நமது மாநிலத்திலும் காலை 11, பகல் 1, மாலை 3 ஆகிய வேளைகளுக்கு அந்தத் தண்ணீர் மணி ஏற்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் மேலே சொன்ன நூறு மாணவிகளுக்கு மூன்று முறை மணி அடித்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் அவர்கள் குடிக்க மாட்டார்கள். முதலில் கழிப்பறை, பிறகு மணி.

ஊரின் பருவமும் பள்ளியின் பருவமும்

காஞ்சியில் திருவிழாவுக்குக் குறைவில்லை. மாசியில் காமாட்சி, பங்குனியில் ஏகாம்பரநாதர், வைகாசியில் வரதராஜர் கருடசேவை என்று ஊரே தெருவில் நிற்கும் நாட்கள் பல. 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து 48 நாட்கள் அத்திவரதர் தரிசனத்துக்காக நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்து குவிந்தபோது பள்ளிப் பிள்ளைகள் நெரிசலில் போய் வருவதே பெரும்பாடாயிற்று. நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை வரும் விழாவைப் பற்றிக் குறை சொல்ல என்ன இருக்கிறது? விழா நாள் விடுமுறையும் பிள்ளைகளுக்கு ஓர் ஓய்வே. நாம் கவலைப்பட வேண்டியது வேறு நாட்களைப் பற்றி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் நீர் ஊறும், பாவு நனையும், தறி நிற்கும். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழையில் இழந்த கூலியை ஈடுசெய்யத் தை பிறந்ததும் நெசவு மும்முரமாகும். முகூர்த்தக் காலமும் அப்பொழுதே. தை முதல் பங்குனி வரையிலான அந்த மாதங்களே ஆண்டுப் பரீட்சைக்குப் பிள்ளை தயாராக வேண்டிய மாதங்கள். தீபாவளிக்கு முந்திய வாரங்களும் அப்படியே. கழனி ஊர்களில் நடவும் அறுவடையும் இதே வேலையைச் செய்கின்றன. எனவே வருகைப் பதிவேட்டை ஆண்டு முழுவதும் ஒரே கண்ணோடு பார்ப்பதைவிட, இந்த வாரங்களில் கூர்ந்து பார்ப்பது பலன் தரும். இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாள் யாராவது போக வேண்டும். ஆசிரியர் போவதைவிடத் தெருக்காரரான அங்கத்தினர் போனால் பேச்சு எளிதில் முடியும்.

மாலை நேரத்தைப் பற்றிச் சட்டமே ஓர் அளவு சொல்லியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபடி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. அபாயமில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி விட்ட பின்பும் விடுமுறையிலும், பெற்றோருக்கு உதவலாம். அதற்குரிய விதிகளின்படி இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை உதவி வாங்கக் கூடாது. நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேலும் கூடாது. படிப்புக்கு இடையூறாகவும் இருக்கக் கூடாது. நான்கு மணிக்கு மேல் வீடு திரும்பும் பிள்ளை ஏழு மணி வரை தார் சுற்றினால் அந்த மூன்று மணி நேரமும் தீர்ந்துவிடும். சட்டத்தை மீறாமலே பிள்ளையின் விளையாட்டு முழுவதையும் எடுத்துவிட இதில் இடம் இருக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. உதவலாம் என்ற சொல்லுக்கு உதவியே ஆக வேண்டும் என்று பொருளன்று; அரை மணி நேரம் தார் சுற்றிவிட்டுத் தெருவுக்கு ஓடும் பிள்ளையைத் தறி வீடு தாங்கிக்கொள்ளும். 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வேளையில் வகுப்பு நடத்தியபோது, தெருவில் ஒரு திண்ணையும் ஒரு விளக்கும் இருந்தால் பிள்ளைகள் கூடுகிறார்கள் என்பதை ஊர்கள் கண்டன.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. கூட்டத்துக்குச் செல்லும் அங்கத்தினர், அதற்கு முந்திய வாரத்தில் ஒரு நாள் காலை இடைவேளைக்குச் சற்று முன்னதாகப் பள்ளிக்குச் செல்லட்டும். கையில் கடிகாரம் போதும். மணி அடித்ததிலிருந்து கடைசிப் பிள்ளை வகுப்புக்குத் திரும்பும்வரை எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை பேர் தண்ணீர் குடித்தார்கள், கழிப்பறை வாசலில் எத்தனை பேர் நின்று திரும்பிவிட்டார்கள், எத்தனை குழாயில் நீர் வந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். மாணவிகளிடம் நேரில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். குழுவிலுள்ள தாய்மார்களைக் கேட்கச் சொல்லலாம். அந்தக் குறிப்பை அடுத்த கிராம சபையில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போதே சேர்த்து வாசிக்கலாம்.